இரண்டாவது முறை வர வைக்கும் நன்கொடை

கேள்வி: திருப்பூரில் பவர் டேபிள் (துணி தைக்கும்) யூனிட் நடத்துகிறோம். டெய்லர், செக்கிங், கைமடி, பேக்கிங் எல்லாம் சேர்த்து 40 பேர் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் என் தம்பி தற்கொலையால் இறந்துவிட்டான். அதற்கு முன் ஒரே ஒரு முறை ஒரு கவுன்சிலரிடம் (மனநல ஆலோசகரிடம்) போய் வந்தான், மறுபடி போகவில்லை. அவன் நினைவாக வருடம் 3 லட்சம் வீதம் மூன்று வருடம் கொடுக்கலாம் என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்திருக்கிறோம். ஒரு கவுன்சிலரை மாதம் ஒரு நாள் யூனிட்டுக்கே வரச்சொல்லி, வருடத்துக்கு இரண்டு இலவச முகாமும் நடத்தினால் 200 ஏழைகளுக்காவது ஆலோசனை கிடைக்கும் என்பது எங்கள் கணக்கு. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனும் பங்கு போட விரும்புகிறார். இந்தத் திட்டம் சரியா? வரிவிலக்கு உண்டா? பணம் வீணாகாமல் இருக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தம்பியின் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். அவர் ஏன் மறுபடி போகவில்லை என்ற கேள்வி உங்களை இன்னும் விட்டிருக்காது. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது சரியல்ல. அந்தப் பாரத்தை உங்கள் குடும்பத்தில் யாரும் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி அதுதான். கையில் காசில்லாதவர்களுக்கான மனநல ஆலோசனை பெரும்பாலும் அறுந்துபோகும் இடம், முதல் அமர்வுக்கும் இரண்டாவது அமர்வுக்கும் நடுவே இருக்கிறது. உங்கள் 9 லட்சத்தை அந்த இடைவெளியில் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. முகாமையும், யூனிட்டுக்கே கவுன்சிலரை வரவழைப்பதையும் விட்டுவிடுங்கள்.

முகாம் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? கல்யாண மண்டபத்தில் பேனர் கட்டி ஒரு நாள் பேசினால் கூட்டம் வரும். அடக்கி வைத்திருந்ததை நாலு பேர் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்வார்கள், அழுவார்கள். மறுநாள் அவர்கள் யாரிடம் போவார்கள்? கிளறிவிட்டுக் கையை விடுவது, கிளறாமல் இருப்பதைவிட மோசம். ‘இதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறவரை அடுத்த முறை கூப்பிடுவது இரண்டு மடங்கு கஷ்டம்.

யூனிட்டுக்குள் கவுன்சிலரை உட்கார வைப்பதில் வேறு சிக்கல். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நீங்கள் முதலாளி. சம்பளம், ஓவர்டைம், அட்வான்ஸ் எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு மேல் மாடி அறைக்குப் போகிற பெண்ணை மற்ற 39 பேரும் பார்ப்பார்கள். சூப்பர்வைசரைப் பற்றியோ வீட்டுக்காரரின் குடியைப் பற்றியோ அந்த அறையில் சொன்னது ஆபீசுக்குப் போகாது என்று அவர் நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. பொதுவாக நடப்பது என்னவென்றால், முதல் மாதம் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஏழெட்டுப் பேர் வந்து தலைவலி, தூக்கமின்மை என்று பட்டும் படாமலும் பேசிவிட்டுப் போவார்கள். உண்மையில் தேவைப்படுகிறவர் வரமாட்டார்.

உங்கள் ஆட்களுக்காக நீங்கள் நேரடியாகச் செய்யக்கூடியது வேறொன்று, அதற்கு நன்கொடையே தேவையில்லை. 40 பேர் இருக்கும் யூனிட், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ வரம்புக்குள் வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அனைவருக்கும் அது பொருந்தும். மனநோய்க்கான சிகிச்சையும் அதில் அடக்கம். சாதாரண நோய்க்கால உதவி, சம்பளத்தில் 70 சதவீதம் வீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை. மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை உதவி பெற வழி உண்டு. பீஸ் ரேட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லோரையும் பதிவு செய்திருக்கிறீர்களா, அட்டை அவரவர் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைச் செய்யாமல் நினைவு நன்கொடை கொடுப்பது முறையாக இருக்காது.

அடுத்து, அரசு ஏற்கெனவே கொடுப்பதற்கு உங்கள் பணத்தைச் செலவழிக்காதீர்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவும் இருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் எண், அதாவது அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபர் முதல் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. தமிழ் மட்டுமல்ல, இந்தி, ஒடியா, வங்காளம் உட்பட 20 மொழிகளில் பேசலாம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஏராளமாக இருக்கும் திருப்பூரில் இது பெரிய வசதி. ஆகவே ‘ஏழை நோயாளிகளுக்கு மாத்திரை வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

அரசு மருத்துவமனையில் கிடைக்காதது நேரம். புறநோயாளிகள் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது டாக்டரால் ஒருவருக்குச் சில நிமிடம்தான் ஒதுக்க முடியும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச, அடுத்த வாரமும் அதே ஆளிடம் பேச, அங்கே இடமில்லை. பெங்களூரின் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே சேரவில்லை என்று கண்டது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது.

‘மாதம் ஒரு முறை’ என்ற உங்கள் கணக்கையும் மாற்ற வேண்டும். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கான ஆலோசனை ஆறிலிருந்து எட்டு அமர்வு, வாரம் ஒன்று என்ற கதியில்தான் வேலை செய்கிறது. குறிப்பாக முதல் மூன்று அமர்வும் மூன்று வாரத்துக்குள் முடிய வேண்டும். மாதம் ஒன்று என்று இழுத்தால் ஒவ்வொரு முறையும் பழைய கதையைச் சொல்லவே நேரம் போய்விடும்.

கோவாவில் 1996-இல் தொடங்கிய சங்காத் என்ற அமைப்பின் அனுபவம் இங்கே உதவும். மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு இருந்தவர்களுடன் ஆறு முதல் எட்டு அமர்வு பேச வைத்தார்கள். பேச்சின் சாரம் இதுதான்: மனம் சோர்ந்தவர் ஒவ்வொன்றாகக் கைவிட்ட வேலைகளில், சின்னதாக ஒன்றை இந்த வாரம் திரும்பத் தொடங்க வைப்பது, அடுத்த வாரம் அது நடந்ததா, எது தடுத்தது என்று பார்ப்பது. மூன்று மாதத்தில், இந்த ஆலோசனை கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஜிம்பாப்வேயில் 2006-இல் ஆரம்பித்த ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தில் சுகாதார நிலையத்து வாசலில் மர பெஞ்சு போட்டு, ஊர்ப் பாட்டிமார்களே இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆக, பட்டம் பெற்ற நிபுணர் ஒவ்வொரு நாற்காலியிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த இரண்டு இடத்திலும் பேசுபவருக்குப் பின்னால் பயிற்சியும், வாராவாரம் தவறாத மேற்பார்வையும் இருந்தன. அதை வெட்டிவிட்டு ‘நல்ல மனசு போதும்’ என்று தொடங்கிய இடங்கள் தேறுவதில்லை.

சரி, முதல் முறை வந்தவர் ஏன் மறுபடி வருவதில்லை? கட்டணம் காரணமாக இருப்பது குறைவு. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். வார நாளில் பகல் பதினொரு மணிக்கு இலவச ஆலோசனை என்றால், அதன் உண்மையான விலை அவருடைய அன்றைய சம்பளம். சனிக்கிழமை சம்பள நாள். அன்று யாரும் லீவு எடுக்க மாட்டார்கள். மிச்சம் இருப்பது ஞாயிறு. பெண்களுக்கு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் டிக்கெட் இல்லை, ஆனால் மினி பஸ்ஸில் காசு கொடுத்தாக வேண்டும், ஆண்களுக்கு எல்லாவற்றிலும் காசு. ஞாயிறென்றால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். கூட்டிக்கொண்டு வந்தால் அவர்களை யார் பார்த்துக்கொள்வது? ஐந்து வயதுக் குழந்தை மடியில் இருக்கும்போது கணவன் அடித்ததை எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். இன்னொரு பக்கம், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது என்ற பயம்.

இதில் ஒரு சின்ன வேலை பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்: நினைவூட்டும் போன். முதல் அமர்வு முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எந்த எண்ணுக்கு அழைக்கலாம்? எத்தனை மணிக்கு? வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து பேசுவதாகச் சொல்லலாம்? பல வீடுகளில் போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். ‘கவுன்சிலிங் சென்டரிலிருந்து பேசுகிறோம்’ என்று அவரிடம் சொன்னால் அந்தப் பெண்ணின் கதை அன்றோடு முடிந்தது. அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்ட ஒரு வாசகம், ‘தையல் கிளாஸ் விஷயமா’ என்பது மாதிரி, அவருடைய பதிவு அட்டையின் மேல் எழுதியிருக்க வேண்டும். அழைக்க ஏற்ற நேரம் சனி இரவு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே, ஷிப்ட் விட்டு வீட்டுக்கு நடக்கும் நேரம். வராதவருக்குத் திங்கள்கிழமை ஒரு அழைப்பு: ‘ஏன் வரலை’ என்று கேட்காமல், ‘இந்த ஞாயிறு எந்த நேரம் சௌகரியம்’ என்று கேட்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வருடம் 3 லட்சம் என்றால் மாதம் 25,000. முழுநேரக் கவுன்சிலருக்கு இது போதாது. ஞாயிறு பகல் 6 அமர்வு, புதன் மாலை ஐந்தரைக்கு மேல், ஒரு ஷிப்டோடு முடிப்பவர்களுக்கு 2 அமர்வு, ஆக வாரம் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலருக்கு 10,000. மூத்த நிபுணரின் மேற்பார்வை மாதம் 2 மணி நேரத்துக்கு 3,000. போன், பதிவேடு, அழைப்பு பார்க்கும் பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கு 4,000. இடம், மின்சாரம் 2,000. ஞாயிறுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு நாலு நாளைக்கு 1,600. பஸ் காசு தேவைப்படுவோருக்கு 800. படிவம், பயிற்சி, கணக்கு 1,600. கடைசியாக, தொடக்கூடாத ஒதுக்கீடு 2,000. கூட்டினால் 25,000. தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்; எந்த இனத்தையும் எடுத்துவிடாதீர்கள்.

மாதம் 32 இடம் இருந்தால் 32 அமர்வு நடக்காது. நினைவூட்டல் எல்லாம் ஒழுங்காக இருந்தும் நாலில் ஒருவர் வராமல் போவார் என்றே திட்டமிட வேண்டும். அப்படியானால் 24 அமர்வு, ஒன்றுக்கு ஏறத்தாழ 1,040 ரூபாய். ‘போன் பண்ண ஒரு ஆளா, 4,000 மிச்சம்’ என்று ஒருங்கிணைப்பாளரை நிறுத்தினால் வராதவர்கள் பாதிப் பேர் ஆகிவிடலாம். அப்போது மொத்தச் செலவு குறைந்தாலும் நடப்பது 16 அமர்வு. ஒன்றுக்கு 1,250 ரூபாயைத் தாண்டும். நிர்வாகச் செலவே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் நன்கொடையாளர்கள் இந்த இடத்தில்தான் தங்கள் பணத்தைத் தாங்களே வீணாக்குகிறார்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே காலியாகும் என்பதால் வருடத்துக்குப் பதினோரு மாதக் கணக்கு போடுங்கள்: 264 அமர்வு. ஒருவருக்குச் சராசரி ஐந்து என்றால் சுமார் 50 பேர். நீங்கள் எழுதிய 200 எங்கே, இந்த 50 எங்கே என்று தோன்றும். இந்த 50 பேர் ஆலோசனையை முடித்துக்கொண்டு போவார்கள். 200 பேரை ஒரு முறை உட்கார வைத்து அனுப்புவதைவிட இது பல மடங்கு மேல் என்று உறுதியாகச் சொல்கிறேன். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர் நடுவில் இருந்தால், அந்த வாரங்களில் போன் அமர்வு என்று முன்கூட்டியே பேசிவைத்துவிட வேண்டும்.

சிலர் ஒரு அமர்வுக்கு 20 ரூபாயாவது வாங்கினால்தான் மதிப்பிருக்கும் என்பார்கள். வாசலில் ஒரு உண்டியல் வைத்தால் போதும், கட்டாயம் வேண்டாம். ரேஷன் அட்டை, தாசில்தார் வருமானச் சான்று என்று கேட்பது அறவே கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசு நிலையங்களில் சிகிச்சை இலவசம் என்கிறது. சட்டம் கேட்காத அட்டையை நாம் ஏன் கேட்க வேண்டும்? எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்ற இரண்டு கேள்வி போதும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மனநல ஆலோசனை மையம்’ என்று கொட்டை எழுத்தில் போர்டு மாட்டாதீர்கள். மற்ற வேலையும் நடக்கும் கட்டடம் நல்லது: நூலகம், சங்கக் கட்டடம், பள்ளி. உள்ளே போகிறவர் எதற்குப் போகிறார் என்று தெருவுக்குத் தெரியக்கூடாது. அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், பூட்டியிருக்கக் கூடாது. வெளியே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். உள்ளே பேசுவது காதில் விழுந்தால் அந்த அறை ஆகாது.

இனி, எதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாத பகுதி. முதல் அமர்வில் பொதுவாகப் பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துவார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு. ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்பது. அதற்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே அடுத்தபடி தொடங்க வேண்டும். திட்டம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது, கைக்கெட்டும் தூரத்தில் பூச்சிமருந்தோ சாயப் பட்டறை ரசாயனமோ இருந்தால் அப்புறப்படுத்த வீட்டில் நம்பகமான ஒருவரைப் பிடிப்பது, ஆலோசனைக்கு வந்தவரைத் தனியே அனுப்பாமல் மனநல மருத்துவரிடம் சேர்ப்பது. நேராகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற பயம் தவறானது. கேட்பது ஆறுதலையே தரும்.

ஆகவே தொண்டு நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: ‘ஞாயிறு சாயந்தரம் ஆறு மணிக்கு ஒருவர் சாகப் போகிறேன் என்றால் உங்கள் கவுன்சிலர் யாருக்குப் போன் செய்வார்?’ பொறுப்பான மருத்துவரின் பெயரையும், மருத்துவமனையின் பெயரையும் அந்த நிமிடமே சொன்னால் சரி. ‘பார்த்துக்கொள்வோம்’ என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 14416-ம், சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் 044-24640050 என்ற எண்ணும் அச்சிட்ட சிறு அட்டை ஒவ்வொருவர் கையிலும் போக வேண்டும். உங்கள் வீட்டில் இந்த நினைவு பாரமாக அழுத்தும் இரவுகளில் அந்த எண்கள் உங்களுக்கும் உரியவை.

அடுத்து, கவுன்சிலரின் தகுதி. கவுன்சிலர் என்ற பலகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்தவர் என்றால் எங்கே, யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் என்றாலும் எனக்குச் சம்மதமே, மேற்பார்வை மாதம் 2 மணிக்குப் பதில் வாரம் ஒரு மணி ஆக வேண்டும். அதற்கேற்பக் கணக்கை மாற்றுங்கள். ஓராண்டுக்குள் எத்தனை கவுன்சிலர் வேலையை விட்டார்கள், அவர்களுக்கு மாதாமாதம் எந்தத் தேதியில் சம்பளம் போகிறது என்பதையும் கேளுங்கள். சம்பளம் தள்ளிப்போகும் இடத்தில் ஆள் நிற்க மாட்டார். ஆள் மாறினால், மூன்றாவது அமர்வில் இருக்கும் டெய்லர் அக்கா தன் கதையை முதலிலிருந்து இன்னொரு முகத்திடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

பேச்சால் மட்டும் தீராதவையும் வரும். வாராவாரம் குழுக்கடன் கட்ட முடியாத நெருக்கடி, குடி, அடி, பிடித்து வைத்த சம்பளம். கடன்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது உதவி ஆகாது. கவுன்சிலரின் மேசையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் முகவரி இருக்க வேண்டும்; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பில்லாமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. 181 பெண்கள் உதவி எண், அரசு மருத்துவமனையின் குடிமீட்புப் பிரிவு, இஎஸ்ஐ அலுவலகம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் ஒருங்கிணைப்பாளருக்கு இருக்க வேண்டும். ‘கலெக்டர் ஆபீசுக்குப் போங்க’ என்று அனுப்புவதும், ‘மூணாம் நம்பர் அறையில இவங்களைப் பாருங்க, நான் சொல்லியிருக்கேன்’ என்று அனுப்புவதும் ஒன்றல்ல.

பணம் கொடுத்த பிறகு என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது? மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். புதிதாக வந்தவர் எத்தனை பேர், அவர்களில் மூன்றாவது அமர்வுக்கு வந்தவர் எத்தனை பேர், பேசி முடித்துக்கொண்டு போனவர் எத்தனை பேர், மருத்துவமனைக்கு அனுப்பியவர் எத்தனை பேர், அவர்களில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர், முதல் முறை வரக் காத்திருந்த நாட்கள் எத்தனை, மேற்பார்வை எத்தனை மணி நடந்தது. இவற்றில் மூன்றாவது அமர்வின் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பத்தில் ஆறு பேர் அந்த இடத்தைத் தொட்டால் சேவை நன்றாக நடக்கிறது. நாலுக்குக் கீழே போனால் கவுன்சிலரைக் குறை சொல்வதற்கு முன் நேரம், இடம், போன் மூன்றையும் சரிபாருங்கள். ‘நூறு சதவீதம் குணம்’ என்று எழுதி வந்தால் நம்பாதீர்கள்.

பெயர் கேட்காதீர்கள், போட்டோ கேட்காதீர்கள், ‘பயனடைந்தவர் பேசுகிறார்’ வீடியோ கேட்காதீர்கள். 2017 சட்டத்தின் 23, 24 பிரிவுகள் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தையும் படத்தையும் காக்கச் சொல்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும், உதவி வாங்கியவரிடம் நன்கொடையாளர் முன்னால் ‘சம்மதமா’ என்று கேட்டால் அவரால் மறுக்க முடியுமா? உங்கள் யூனிட்டிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பதையும் கேட்கவே கூடாது. 40 பேரில் ‘இரண்டு பேர்’ என்று ஒரு எண் வந்தாலே யார் என்று மனம் தேடத் தொடங்கிவிடும். அதற்காகத்தான் உங்கள் பணம் உங்கள் வாசலுக்குள் இல்லாமல், அந்தப் பகுதி முழுவதற்குமான ஒரு சேவைக்குப் போக வேண்டும் என்கிறேன். உங்கள் ஆட்களும் அங்கே போவார்கள், உங்களுக்குத் தெரியாமலே. தம்பியின் பெயரை எங்கே வைப்பது என்றால், நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் கணக்கிலும் அந்த நிதியின் பெயராக இருக்கட்டும். வாசல் பலகையில் வேண்டாம்.

புதிதாக டிரஸ்ட் தொடங்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பதிவு, ஆடிட்டர், வருமான வரிப் பதிவு என்று முதல் ஆண்டின் உழைப்பு அதிலேயே போய்விடும். ஏற்கெனவே நன்றாக நடப்பவற்றை அணுகுங்கள். சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993 முதல் இயங்கும் பான்யன் போன்ற பெரிய அமைப்புகள் தீவிர மனநோயில் ஆழ்ந்த அனுபவம் உள்ளவை. உங்கள் பகுதியில் யாருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்களிடம் விசாரிக்கலாம். கடைசியில் தேர்ந்தெடுப்பது ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கத் தயாராக இருக்கும் உள்ளூர் அமைப்பாக இருக்கட்டும். மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, வருமான வரித்துறையின் 12ஏ மற்றும் 80ஜி பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவு எண் ஆகியவற்றை வாங்கிப் பாருங்கள். பூர்த்தி செய்யாத வெற்றுப் பதிவுப் படிவம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். சாதி, மதம், ஆதார் எல்லாம் முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தால் அங்கே யார் வாய் திறப்பார்கள்?

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மூன்று ஆண்டுக்கும் உறுதி கொடுங்கள். முதல் ஆறு மாதப் பணம் முன்பணமாகவும், பிறகு காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வந்ததும் அடுத்த தவணையாகவும் போகட்டும். மாதம் 2,000 ஒதுக்கச் சொன்னேன் அல்லவா, மூன்றாண்டில் அது 72,000 ஆகும். ஏறத்தாழ மூன்று மாதச் செலவுக்கு வரும். உங்கள் நிதி முடிந்து வேறு உதவி கிடைக்காவிட்டால், நடுவில் இருப்பவர்களை முடித்து அனுப்பவும் மருத்துவமனையில் ஒப்படைக்கவும் அந்தப் பணம். முப்பத்து நான்காவது மாதத்துக்குப் பிறகு ஆறு அமர்வு தேவைப்படும் புதியவர்களைச் சேர்க்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

வரிவிலக்கைப் பொறுத்தவரை, 80ஜி பதிவுள்ள நிறுவனத்துக்குக் கொடுத்தால் பொதுவாகத் தொகையில் 50 சதவீதம் கழிவு, அதுவும் உங்கள் மொத்த வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்புக்குள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. வங்கி வழியே கொடுங்கள். ரசீது மட்டும் போதாது, நிறுவனம் வருமான வரித்துறையில் தாக்கல் செய்து எடுத்துத் தரும் 10பிஇ சான்றிதழ் தேவை. நீங்களோ வீட்டுக்காரரோ புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கழிவு கிடையாது. யார் பெயரில் கொடுப்பது லாபம் என்று மார்ச்சுக்குள் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சித்தப்பா மகன் விஷயத்தில் அவர் கையில் எந்த பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்தியக் குடிமகனாகவே இருந்து அங்கே சம்பாதிக்கிறார் என்றால், தன் சொந்தப் பணத்தை முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் போதும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணமே. எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன்அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்க முடியும், அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான். அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் 2020 முதல் தடை. உங்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டு நீங்கள் கொடுப்பது போலக் கொடுக்கும் குறுக்கு வழி வேண்டாம்; மாட்டிக்கொள்வது அந்தச் சின்ன நிறுவனமாக இருக்கும், பதிவு போனால் சேவையே நின்றுவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் உள்ளூர் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. இல்லை என்றால், அவர் தன் பங்கை அந்தப் பதிவுள்ள வேறொரு மனநல அமைப்புக்குத் தனியாகக் கொடுக்கட்டும்.